கப்பற் பந்திக்கு ஏற்ற உடை

உல்லாசப் பிரயாணக் கப்பலிலே இராப்போசனத்துக்குச் செல்லும் ஆண்மகன் எதனை உடுத்துச் செல்லல் வேண்டும்? கேட்ட மாத்திரத்தில் இது செல்வர்களுக்கு மட்டுமே உரிய கவலை என்று பலருக்குத் தோன்றலாம். நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவிலே கப்பலைக் கரையில் நின்று பார்த்தவர்கள் எண்ணிலர். அதில் ஏறிச் சென்று பந்தியில் அமர்ந்தவர்கள் மிகச் சிலரே. ஆயினும் காலம் மாறி வருகின்றது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் வந்ததோடு அமையாது, எமது காங்கேசன்துறைக்கும் வந்து சேர்ந்தது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பிள்ளைகளோ, பெற்றோரின் மணிவிழாவையும் திருமண நிறைவு விழாவையும் மண்டபத்திலே கொண்டாடுவதை விடுத்துக் கப்பலிலே கொண்டாட முற்பட்டுள்ளனர். ஆகவே இவ்வினா எமது வீட்டு வாயிலுக்கும் வந்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

வினாவுக்கு விடை கூறுமுன் இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று என்பதைச் சிறிது நோக்குவோம். 1844ஆம் ஆண்டிலே பி. அன்ட் ஓ. கம்பனியார் மத்தியதரைக் கடலில் இன்பப் பிரயாணங்களை ஒழுங்கு செய்தனர். ஆங்கில நாவலாசிரியர் தக்கரே அவ்வாண்டிலே அவர்களுடைய கப்பல்களில் எகிப்து வரை சென்று மீண்டு, தமது அனுபவங்களை 1846இல் நூலாக வெளியிட்டார். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1880களிலே கொழும்பின் அலைதடுப்பு அணை கட்டப்பட்டபின், காலித் துறைமுகம் பெற்றிருந்த இடத்தைக் கொழும்புத் துறைமுகம் பெற்றது. ஐரோப்பாவிலிருந்து கீழைத் தேசங்களுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் செல்லும் பெருங்கப்பல்கள் அங்கே தங்கிச் செல்லலாயின. உயர்கல்வி நாடி இங்கிலாந்து சென்ற எமது முன்னோர் பலர் கொழும்பிலேயே கப்பலேறினர். கத்தியும் முள்ளும் பிடிக்கும் முறையையும், கழுத்துப்பட்டியின் முடிச்சையும் அவர்களுட் பலர் பழகியது நடுக்கடலிலேதான் எனலாம்.

அக்கப்பல்களிலே பயணிகள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். முதல் வகுப்பு ஆண்கள் இரவுப் பந்திக்கு வருவதாயின் மாலை உடை அணிந்தே வரல் வேண்டும். ஓர் இளக்காரம் மாத்திரம் இருந்தது. பயணத்தின் முதலிரவிலும் இறுதியிரவிலும் அவ்வுடை வேண்டப்படவில்லை. முதலிரவிலே பெட்டிகள் திறக்கப்பட்டிரா. இறுதியிரவிலே அவை கட்டப்பட்டுவிடும். காரணம் அவ்வளவே. கடுமையான விதிகளை வகுத்தவர்களும் பெட்டி பூட்டுபவனின் சிரமத்தை அறிந்திருந்தனர் என்பது எமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

மாலை உடை என்பது முற்காலத்திலே பின்புறம் வால் போல நீண்டு தொங்கும் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமே. இன்று உயர்ந்த உடையெனப் போற்றப்படும் 'டின்னர் ஜாக்கெட்' அதற்கு எதிராக எழுந்த ஒரு சிறு கலகம் என்பதை நம் மாணவர்கள் அறிதல் நன்று. 1865ஆம் ஆண்டிலே, பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர், தமது நாட்டுப்புற மாளிகையிலே நெருங்கிய நண்பர்களோடு உண்ணும்போது அணிவதற்காக, வாலில்லாத குட்டைக் கோட்டொன்றைத் தைப்பித்தார் என அதைத் தைத்துக் கொடுத்த லண்டன் ஹென்றி பூல் தையற்கடையார் கூறுவர். நியூயோர்க்குக்கு அண்மையில் 1886ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட டக்சீடோ பார்க் கழகத்தின் பெயரால் அமெரிக்கர் அதனை 'டக்சீடோ' என்றழைத்தனர். நெடுங்காலம் அது வீட்டுக்குள்ளே அணியும் இலகுவான உடையாகவே கருதப்பட்டது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் வால்கோட்டைப் பின்தள்ளிவிட்டுப் பந்தியின் பொது உடையாயிற்று. நேற்றைய சலுகையே இன்றைய சட்டமாயிற்று. உடையின் மதிப்பு துணியிலே பிறப்பதன்று; மனிதர் கூடி ஒப்புக்கொள்வதாற் பிறப்பது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கரையிலே கண்டபடி திரிபவனும் கடலிலே ஏன் இவ்வளவு ஒழுங்காக உடுத்தான் என்று சிலர் வினவலாம். கப்பலிலே ஒரு நாள் மற்றொரு நாளைப் போன்றது. காணுமிடமெல்லாம் நீர். சந்தை இல்லை, கந்தோர் இல்லை, கோவில் மணி இல்லை. நாளின் முடிவை மனிதனுக்கு உணர்த்துவதற்கு ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது. பகலுடையைக் களைந்து, முகங் கழுவி, தூய ஆடை உடுத்துப் பந்திக்கு வருதல் அவ்வேலையைச் செய்தது. சந்தியா காலத்திலே கால் முகம் கழுவி, திருநீறு பூசி, மாற்றுடை தரிக்கும் நம்மவர்க்கு இது விளங்காத செய்தியன்று. இதற்கு மற்றொரு முகமும் உண்டு. யார் எவ்வகுப்பைச் சேர்ந்தவன் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிவிக்கும் வேலியாகவும் அவ்வுடை நின்றது. நன்மையும் தீமையும் ஒரே கோட்டின் இரு பைகளில் இருந்தன.

1912ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் நாள் இரவிலே டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதியது. அதிற் சென்ற செல்வர் பெஞ்சமின் குகன்ஹைம் என்பவர், தாம் தப்புதற்கு வழியில்லை எனக் கண்டதும், மிதவைச் சட்டையைக் களைந்துவிட்டுத் தமது மாலை உடையை அணிந்துகொண்டு மரணத்தை எதிர்பார்த்து நின்றார் என்பர். அவர் மாண்டார், அவரோடு ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அவர் உடுத்ததை வீண் பகட்டு என்பாரும் உளர். வீரம் என்பாரும் உளர். இறுதி நேரத்திலும் தன் மதிப்பைத் தான் காத்துக்கொள்ள ஒருவன் தன் உடையையே நாடினான் என்பதை மட்டும் நாம் மறுக்கவியலாது.

இன்னொரு செய்தியும் நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது. செங்கடலின் வெப்பத்திலே கம்பளிக் கோட்டு அணிந்து உண்ண முடியாமல் வருந்திய ஆங்கிலேயர், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சேர்ட்டும் கறுப்புக் காற்சட்டையும் இடுப்பிலே ஒரு பட்டுக் கச்சையுமாகப் பந்திக்கு வரலாயினர். அதற்குச் 'செங்கடல் உடை' என்றே பெயரிட்டனர். அவ்விடுப்புக் கச்சை எங்கிருந்து வந்தது? இந்தியாவிலே பணிபுரிந்த ஆங்கிலப் படையதிகாரிகள் இந்நாட்டவர் கட்டியிருந்த கமர்பந்தைக் கண்டு தாமும் கட்டிக்கொண்டனர். அதுவே 'கமர்பண்ட்' என்ற பெயரோடு இன்றும் டின்னர் ஜாக்கெட்டின் ஓர் உறுப்பாக விளங்குகின்றது. மேனாட்டார் தமக்கே உரியதென எண்ணும் விருந்துடையின் நடுவிலே, சரியாக வயிற்றின் மேல், கீழைத் தேசத்துத் துணியொன்று இறுகக் கட்டப்பட்டிருக்கின்றது!

இனி இன்றைய நிலையைக் கூறுவோம். எல்லாக் கப்பல்களிலும் ஒரே விதி நிலவுவதில்லை. நோர்வீஜியன் எனும் கம்பனியார் 2000ஆம் ஆண்டு முதலாக, விரும்பியபடி உடுத்து விரும்பிய நேரத்தில் உண்ணும் முறையைக் கொண்டுவந்தனர். பழைய மரபைப் பேணும் கியூனாட் போன்ற கம்பனியாரோ, பயணத்திற் சில இரவுகளை விழா இரவுகளாகக் குறித்து, அவ்விரவுகளிலே டின்னர் ஜாக்கெட்டையோ கழுத்துப்பட்டியுடன் கூடிய கருநிறக் கோட்டுச் சூட்டையோ வேண்டுகின்றனர். பெரும்பாலான கப்பல்களிலே பிரதான போசனசாலைக்கு அரைக் காற்சட்டையோடும் கையில்லாத பெனியனோடும் இறப்பர்ச் செருப்போடும் மாலையில் வருதல் ஆகாது. உடுத்திக்கொள்ள மனமில்லாதவர்க்கு வேறொரு தளத்திலே தாமே எடுத்துண்ணும் சாலை இருக்கும். பட்டினி கிடப்பார் எவருமில்லை.

ஆகவே கோட்டணிய விரும்பும் அன்பர்களுக்கு எமது ஆலோசனை எளிது. டின்னர் ஜாக்கெட் வாங்குவதற்காகக் கடன்பட வேண்டா. உடலுக்கு அளவாகத் தைத்த கருநீல அல்லது கறுப்புச் சூட்டு ஒன்று, வெள்ளைச் சேர்ட்டுகள் இரண்டு, அடக்கமான நிறத்திலே ஒரு கழுத்துப்பட்டி, துடைத்து மினுக்கிய கறுப்புச் சப்பாத்து ஆகிய இவை போதும். பிறரிடம் இரவல் பெற்ற கோட்டின் தோள் கீழிறங்கி நிற்குமாயின் அதனினும் அளவான மலிவுக் கோட்டு மேலானது. புதுச் சப்பாத்தை வீட்டிலேயே சில நாள் அணிந்து பழகுக. அசையும் கப்பலிலே அது காலைக் கடிக்கத் தொடங்கினால் விருந்து கசக்கும்.

ஆனால் எம்மிடம் இவ்வினாவைக் கொண்டுவந்தவர் கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் எமக்கு மாமா முறையானவர். தபாற் கந்தோரிலே முப்பத்தைந்து வருடம் கடமையாற்றி ஓய்வு பெற்றவர். லண்டனில் வாழும் மகன், பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளுக்காக நோர்வே நாட்டுக் கடற்கரைகளுக்குச் செல்லும் கப்பலிலே அவர்களுக்கும் இடம் பதிந்திருந்தான். ஏழு இரவுப் பயணத்திலே இரண்டு விழா இரவுகள். உடை விதிகள் அடங்கிய தாளொன்றும் வந்து சேர்ந்தது. வேட்டி கட்டி வரலாமா என்று மாமா தொலைபேசியிலே கேட்டிருக்கிறார். மகன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அங்கை எல்லாரும் பார்ப்பினம், அப்பா" என்றானாம்.

மாமா தாளை எமது மேசைமேல் வைத்துவிட்டுக் கூறினார்: "தம்பி, மாமிக்கு என்ன உடுப்பு எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அவ கூறைச் சேலையைக் கொண்டு போறா. எனக்குத்தான் இவ்வளவு யோசனை."

எமது மனத்திலே தைத்தது அச்சொல்லே. நமது பெண்களின் சேலை உலகின் எந்த விருந்துக்கும், எந்த அரச சபைக்கும் ஏற்றதெனப்படுகின்றது. அது தகுமோ என்று ஒருவரும் வினவுவதில்லை. அதே வீட்டு ஆணின் வேட்டிக்கு மாத்திரம் அனுமதி வேண்டியிருக்கின்றது. காரணம் தெளிவு. பெண் தன் உடையை விட்டுவிடவில்லை. ஆண் கந்தோருக்காக, நீதிமன்றுக்காக, உத்தியோக உயர்வுக்காக விட்டுக்கொடுத்தான். விட்டுக்கொடுத்தவனுடைய பொருளுக்குப் பிறர் மதிப்புத் தருவதெங்ஙனம்? இலங்கையர் மேனாட்டுடையைப் போலி செய்வது குறித்து ஆனந்த குமாரசுவாமி 1905ஆம் ஆண்டிலேயே வருந்தி எழுதினார். 'இரவல் இறகுகள்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை அச்சிறு நூலுக்கு இட்டார்.

கப்பலும் உடையும் பற்றிப் பேசுமிடத்துக் காந்தியடிகளை மறத்தலாகாது. 1888ஆம் ஆண்டிலே, பதினெட்டு வயதிலே, அவர் சட்டம் பயிலக் கப்பலேறினார். கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாத கூச்சத்தாலும், எவ்வுணவில் இறைச்சி உண்டெனக் கேட்கத் துணிவின்மையாலும், பொதுப் பந்திக்குச் செல்லாமல் தம் அறையிலிருந்தே, கையோடு கொண்டுசென்ற இனிப்புகளையும் பழங்களையும் உண்டார். கப்பலிலே கறுப்புச் சூட்டணிந்தவர், இறங்கும்போது அணிவதற்கென்று வெள்ளைக் கம்பளிச் சூட்டொன்றைப் பேணி வைத்திருந்தார். அதை அணிந்து இறங்கியபோது அவ்வாறுடுத்தவர் தாம் ஒருவரே எனக் கண்டு நாணினார் என்று அவரே தம் சுயசரிதையிற் கூறுகின்றார். 1931ஆம் ஆண்டிலே வட்டமேசை மகாநாட்டுக்காக 'ராஜ்புத்தானா' எனும் கப்பலில் அவர் மீண்டும் இங்கிலாந்து சென்றார். அரைவேட்டியும் சால்வையுமே உடை. அவ்வுடையோடே அரண்மனையிலே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரையும் கண்டார். முதற் பயணத்திலே முழு உடை அணிந்தும் நாணினார்; பிந்திய இப்பயணத்திலே அரையுடை அணிந்தும் நாணவில்லை. வேறுபாடு துணியில் இல்லை.

எனினும் எல்லோரும் காந்தியடிகள் ஆகிவிட இயலாது. விதியொன்று உண்டெனில் அதைப் பார்த்தே ஆகல் வேண்டும். நாம் மாமாவோடு அமர்ந்து அத்தாளை இறுதிவரை வாசித்தோம். விழா இரவுகளில் அணியத்தக்கவை என்ற பட்டியலின் ஈற்றிலே, படையினரின் சீருடையும் முறையான தேசிய உடையும் ஏற்கப்படும் என்று எழுதியிருந்தது. பழைய மரபைப் பேணும் கியூனாட் கம்பனியின் விதியிலும் இத்தகைய இடம் உண்டு. ஸ்கொத்லாந்து நாட்டவர் தம் மடிப்புப் பாவாடையை அணிந்து பந்திக்கு வருவது இதன்படியே. ஆக, கதவு திறந்தே இருந்தது. நம்மவர் அதைத் தட்டிப் பார்க்கவில்லை.

கடல் கடந்த நாட்டிலேதான் வேட்டிக்கு வழக்குண்டு என்று எண்ணற்க. 2014ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, சென்னையில் ஒரு கழகத்திலே, வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே உள்ளே செல்ல இடம் மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டசபை, வேட்டி முதலிய தமிழர் உடை காரணமாகப் பொது இடங்களில் எவரையும் தடுத்தலாகாது எனச் சட்டமியற்றியது. மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபா அபராதமும் விதித்தது. தமிழ் நாட்டிலே வேட்டிக்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை எண்ணுந்தோறும் நகைப்பும் துயரும் ஒருங்கே எழுகின்றன.

ஆயினும் ஒன்றை மறைக்காமற் கூறல் வேண்டும். 'முறையான' தேசிய உடை என்பதிலே 'முறையான' என்னும் சொல் வெறும் அலங்காரமன்று. கசங்கிய வேட்டியை ஏனோதானோவெனச் சுற்றி, மேலே கோடிட்ட அரைக்கைச் சேர்ட்டை அணிந்து, இறப்பர்ச் செருப்போடு செல்பவன், நமது பண்பாட்டின் பெயரால் தன் சோம்பலையே காட்டுகின்றான். நல்ல எட்டுமுழப் பட்டு வேட்டி, இடுப்பிலே உறுதியான பட்டி, கழுத்து மூடிய முழுக்கைச் சட்டை, கஞ்சியிட்டு மடித்த சால்வை, மூடிய தோற் பாதணி ஆகியவை வேண்டும். சண்டிக்கட்டு எக்காரணத்தாலும் ஆகாது. மேற்தளத்துக் காற்று வேட்டிக்குப் பகை. ஆதலால் பந்திக்கு உள்வழியாகவே செல்க. படியேறும்போது முன்மடிப்பைக் கையாற் பற்றிக்கொள்க.

வட கடலின் குளிருக்கும், குளிரூட்டிய மண்டபத்துக்கும் என் செய்வது என்று மாமா கேட்டார். அவர் வீட்டுச் சுவரிலே அவருடைய தகப்பனாரின் படம் தொங்குகின்றது. அவர் பழைய காலத்துத் தமிழாசிரியர். வேட்டி, கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டு, தோளிலே சால்வை, தலைப்பாகை. அப்படத்தை நினைவூட்டினோம். மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். அடுத்த கிழமை தையற்காரரிடம் அளவு கொடுத்துவிட்டார் என்று அறிந்தோம்.

மகனின் விருப்பத்தையும் அவர் தட்டவில்லை. முதல் விழா இரவிலே மகன் வாங்கி வைத்திருந்த சூட்டையே அணிந்தார். இரண்டாம் விழா இரவிலே வேட்டியும் கறுப்புக் கோட்டும் சால்வையும். திரும்பி வந்ததும் என்ன நிகழ்ந்ததென ஆவலோடு வினவினோம். "ஒருத்தரும் பாக்கேல்லை, தம்பி! அவையவை தங்கடை கழுத்துப்பட்டியைத்தான் தடவிக்கொண்டு இருந்தவை" என்றார். குரலிலே சிறிது ஏமாற்றமும் இருந்தது. மகன் என்ன சொன்னான் என்றோம். "அவன் ஒண்டும் சொல்லேல்லை. போக முன்னம் என்ரை சால்வையை எடுத்து, திருப்பி மடிச்சுத் தோளிலை போட்டுவிட்டான்" என்றார். அதற்குமேல் அவரும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல். நாளை நீங்கள் கப்பலிலோ விமானத்திலோ உலகெங்கும் செல்வீர்கள். பல பந்திகளில் அமர்வீர்கள். அழைத்தவர் இட்ட விதி யாது, உடுத்தது தூயதும் அளவானதுமா, அதிலே நீங்கள் இயல்பாக இருந்து அயலவரோடு உரையாட முடியுமா ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றுக்கும் இசையுமாயின் சூட்டும் நன்றே, வேட்டியும் நன்றே. சூட்டணிந்ததற்காக ஒருவனைப் போலி என்று பழியாதீர்கள். பிறர் பார்ப்பார்களே என்ற அச்சம் ஒன்றினாலேயே உங்கள் தந்தையின் உடையைப் பெட்டிக்குள்ளே பூட்டியும் வையாதீர்கள். பந்தியில் இருப்பவர் பெரும்பாலும் தம் இலையையே பார்ப்பர்.